நான் தட்டையாக்கிய பூமி

உதவி ஆசிரியர் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் நான் பார்த்த வேலை, மற்றவர்கள் எழுதியதை வெட்டுவது. எழுதியவர்களை ஊரில் எல்லாருக்கும் தெரியும். வெட்டியவளை ஒருவருக்கும் தெரியாது. பிழை விட்டால் மட்டும் தேடுவார்கள். அப்படி ஒருமுறை என்னைத் தேடிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்தார்கள். என்னைக் காட்டிக்கொடுக்க எல்லா நியாயமும் இருந்த ஒருவர் காட்டிக்கொடுக்கவில்லை. அவருக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதில் உங்களுக்குப் பாடம் ஏதாவது அகப்பட்டால் அது உங்கள் கெட்டித்தனம்.

தலைப்புப் போடுவது, பக்கம் கட்டுவது, படத்தைச் சுருக்குவது எல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்கிறீர்கள். கணினியில் நீங்கள் செய்கிற வித்தைகளை நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்திருக்கிறேன். ஆகவே அதை விட்டுவிடுவோம். எங்கே வெட்டக்கூடாது என்பதைக் கணினி சொல்லாது. அதைப் பற்றித்தான் என் பேச்சு.

எனக்குத் தொழில் பழக்கியவர் ஒரு செய்தி ஆசிரியர். இலேசில் சிரிக்கமாட்டார். சிரித்தால் யாருக்கோ ஏச்சு விழப்போகிறது என்று நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம். அது சண்டைக் காலம். அச்சடிக்கக் கடதாசி வராது. பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்கூடப் பத்திரிகை அடித்த நாட்கள் உண்டு. இரண்டு தாளுக்குள் முழுக் குடாநாட்டின் துயரத்தையும் அடக்கவேண்டும். அப்போது அவர் எனக்குச் சொல்லித்தந்தது ஒன்றுதான்.

"செய்தியின்ரை உயிர் தலையிலை இருக்கும், பிள்ளை. இடம் காணாட்டில் வாலிலையிருந்து வெட்டு. யோசிச்சுக்கொண்டு நிக்காதை."

அது சரியான பாடம். எங்கே ஷெல் விழுந்தது, யார் இறந்தார்கள் என்பது முதல் பந்தியில் வந்துவிடும். அதிகாரி ஒருவர் என்ன சொன்னார் என்பது கடைசிப் பந்தியில் கிடக்கும். அதை வெட்டினால் ஒருவரும் அழப்போவதில்லை. இருபது வருடம் அப்படியே வெட்டி வெட்டி, என் கை தானாகவே வாலுக்குப் போகப் பழகிவிட்டது. கை அப்படிப் பழகியதில் கண் சோம்பேறியாகிவிட்டது என்பது எனக்கே தெரியாமல் இருந்தது.

சண்டை முடிந்து சில வருடங்கள் கழித்து, ஞாயிறு மலர் என் பொறுப்பில் இருந்தபோது ஒரு மாணவி கடிதம் போட்டாள். சமய பாடத்தில், பூமியின் நடுவில் மேரு மலை, அதைச் சுற்றி ஏழு தீவு, ஏழு கடல் என்று படித்தாளாம். மணி அடித்து அடுத்த பாடத்தில் பூமி உருண்டை என்று படித்தாளாம். இரண்டையும் சோதனையில் எழுதவேண்டும், இதில் எது உண்மை என்று கேட்டால் வீட்டில் ஏசுகிறார்கள் என்று எழுதியிருந்தாள். நல்ல கையெழுத்து. நல்ல கேள்வி.

பழைய சமய நூல்கள் பூமியின் வடிவத்தைப் பற்றி உண்மையில் என்னதான் சொல்கின்றன என்று ஒரு முழுப் பக்கம் போடுவோமா என்று பிரதம ஆசிரியரிடம் கேட்டேன். அவருக்கும் பிடித்துக்கொண்டது. சைவ நூல்களைப் பற்றி எழுத உடுவிலில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற கணித ரீச்சரைக் கேட்டேன். கிறிஸ்தவ வேதத்தைப் பற்றி எழுத எங்கள் கரையோரப் பங்கு ஒன்றின் பாதரைக் கேட்டேன். நானும் குருநகர் மீன்பிடிக் குடும்பத்துப் பெண், ஞாயிறு பூசை தவறாதவள். இந்த விவரம் பின்னால் பெரிய விவரமாகப் போகிறது என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

ரீச்சர் முப்பத்தைந்து வருடம் பெண்பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவர். ஓய்வுபெற்ற பிறகு தன் ஊர்க் கோயிலில் புராணத்துக்குப் பயன் சொல்லத் தொடங்கினார். ஒருவர் பாட்டை ராகத்தோடு வாசிக்க, மற்றவர் அதன் பொருளை விரித்துச் சொல்வதைத்தான் பயன் சொல்வது என்போம். அந்த இடத்தில் ஒரு பெண் அமர்வது எங்கள் பக்கத்தில் குறைவு. அவரை இருத்தினார்கள் என்றால் படிப்பு அப்படி. பாடல் வரியை எடுத்து அவர் கணக்குச் செய்வதுபோல ஒவ்வொரு படியாகப் பிரித்துக்கொண்டு போவாராம். கேட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு கட்டுரையும் சொன்ன நாளில் வந்தன. பக்கம் வடிவாக அமைந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல், பக்கத்தை அச்சுக்கு அனுப்ப இருந்த நேரம் பார்த்து விளம்பரப் பகுதியிலிருந்து ஆள் வந்தார். கனடாவில் ரொறன்ரோவிலிருந்து ஒரு முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி, வர்ணப் படத்தோடு, அந்த ஞாயிறே வரவேண்டும். மற்றப் பக்கங்கள் எல்லாம் போய்விட்டன. யாழ்ப்பாணத்துப் பத்திரிகையில் நினைவஞ்சலிக்கு இடமில்லை என்று சொல்ல எந்த உதவி ஆசிரியராலும் முடியாது. பூமிதான் கொஞ்சம் ஒதுங்கவேண்டும்.

அளந்து பார்த்தேன். பக்கத்தின் அடியில் ஏழு சென்ரிமீற்றர் உயரம் தேவை. இரண்டு கட்டுரையும் பக்கத்தில் இடமும் வலமுமாக நின்றன. ஒன்றில் கூடவும் மற்றதில் குறையவும் வெட்டினால் சமயப் பிரச்சினை வரும் என்று நினைத்தேன். அந்த அளவுக்குப் புத்தி வேலை செய்தது. ஆகவே இரண்டிலும் வாலிலிருந்து ஏழு ஏழு சென்ரிமீற்றர், தராசு பிடித்தமாதிரி வெட்டினேன். வசனம் முற்றுப்புள்ளியில் முடிகிறதா என்று மட்டும் பார்த்தேன். இரண்டும் முடிந்தன. பக்கத்தை அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

ஞாயிறு காலை பூசை முடிந்து கைத்தொலைபேசியைத் திறந்தேன். முதலில் வந்தது பாராட்டு. ரீச்சர் பயன் சொல்லும் கோயிலின் பரிபாலன சபைத் தலைவர், மலரில் போட்டிருந்த இலக்கத்துக்கு எடுத்து, கேட்பது யார் என்றும் விசாரிக்காமல் பேசினார். பூமி தட்டைதான் என்று படித்த ஒருவராவது துணிந்து எழுதினாரே, கணித ரீச்சரே சொன்ன பிறகு இனி யார் என்ன பேசமுடியும் என்று அவருக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. ரீச்சர் எங்கே அப்படி எழுதினார்?

எங்கள் தேவாலய வாசலிலேயே ஒருவரிடம் பத்திரிகையை வாங்கி விரித்து, அந்தக் கட்டுரையை முதன்முறையாக ஒழுங்காக வாசித்தேன். ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்த பிறகு.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்தைக் கவனியுங்கள். ரீச்சர் செய்தி எழுதவில்லை. சைவக்காரர் பரம்பரையாக வாதம் செய்கிற முறையில் எழுதியிருந்தார். அந்த முறையில் எதிராளியின் கட்சியைத்தான் முதலில் வைப்பார்கள். ஏனோதானோ என்றும் வைக்கமாட்டார்கள். எதிராளியே வந்து கேட்டால், நானே இவ்வளவு திறமாகச் சொல்லவில்லையே என்று வெட்கப்படும்படி வைப்பார்கள். பிறகு அதை ஒவ்வொன்றாக மறுப்பார்கள். தங்கள் முடிவைக் கடைசியில்தான் சொல்வார்கள். அவர்களுக்கு உயிர் வாலில் இருக்கிறது.

ரீச்சர் முதல் ஐந்து பந்தியில் புராணத்துப் பூமியை விரித்திருந்தார். நடுவில் மேரு, சுற்றி நாவலந்தீவு, அதைச் சுற்றி உப்புக் கடல், பிறகு வளையம் வளையமாகத் தீவுகளும் கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர் என்று கடல்களும், எல்லாவற்றுக்கும் வெளியே சக்கரவாள மலையும். எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய தட்டம். இதை அப்படியே எழுத்துக்கு எழுத்து ஏற்கவேண்டும் என்பவர்களின் வாதத்தை அவர்களைவிட உறுதியாக வைத்திருந்தார். அச்சில் வந்த கடைசி வசனம், "ஆகவே பூமி தட்டையானது என்பதில் ஐயமில்லை." மூலத்தில் அதற்கு அடுத்த பந்தி, "என்று சொல்வார் உளர், அவர்களிடம் மூன்று கேள்விகள்" என்று தொடங்கியது. மூன்று கேள்வியையும் நான் ஏழு சென்ரிமீற்றரில் வெட்டி எறிந்திருந்தேன்.

பாதர் பிரசங்கம் பழகியவர். சொல்லவேண்டியதை முதலே சொல்லிவிட்டார். வேதம் பூமிசாத்திரம் படிப்பிக்க வந்ததல்ல, ஆனாலும் ஓரிடத்தில் பூமியின் வட்டத்தைப் பற்றியும் இன்னோரிடத்தில் பூமி ஒன்றுமில்லாத வெளியில் தொங்குவதாகவும் வருகிறது என்று தொடங்கியிருந்தார். அதே வேதத்தில் பூமிக்கு நாலு மூலை இருப்பதும், அது தூண்களில் நிற்பதும் உண்டு என்பதை நேர்மையாகக் கடைசியில் வைத்திருந்தார். அந்த நேர்மையும் என் கத்தரிக்குப் போய்விட்டது.

ஆக, வாசகர் கையில் கிடைத்தது இதுதான். இடப் பக்கம் சைவ நூல்கள், தட்டைப் பூமி. வலப் பக்கம் கிறிஸ்தவ வேதம், வெளியில் தொங்கும் வட்டப் பூமி. இரண்டிலும் ஒரே அளவு வெட்டிய என் நீதியின் பலன் அது.

நான் அலுவலகத்துக்குப் போய்ச் சேரமுன் முகநூலில் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். பாதிப் பேர் ரீச்சரைப் பார்த்துச் சிரித்தார்கள். மற்றப் பாதிப் பேர், ரீச்சர் அப்படி எழுதியிருக்கமாட்டார், யாரோ வெட்டியிருக்கிறார்கள், ஞாயிறு மலரைச் செய்வது ஒரு வேதக்காரப் பெண், சைவத்தைக் கேலி செய்ய வேண்டுமென்றே செய்த வேலை என்றார்கள். அந்தப் பகுதி எனக்கு நன்றாகச் சுட்டது. வேண்டுமென்று செய்யும் அளவுக்கு நான் அதை வாசித்திருந்தால்தானே.

பிரதம ஆசிரியர் கத்தவில்லை. அடுத்த ஞாயிறு முழுக் கட்டுரையையும் போடுவோம், நாளைக்குச் சின்னதாக ஒரு வருத்தம் தெரிவிப்போம் என்றார். பாராட்டிய அதே தலைவர் இதற்கிடையில் முகநூலைப் பார்த்துவிட்டு, திங்கள் காலை நாலு பேருடன் வருவதாகவும், வெட்டியவரின் பெயர் தெரியவேண்டும் என்றும் சொல்லியிருந்தாராம். பெயரைச் சொல்லுங்கள் ஐயா, வேலை போனால் போகட்டும் என்றேன். உண்மையில் எனக்கு வேலையைப் பற்றிய பயம் இருக்கவில்லை. ரீச்சரின் முகத்தைப் பார்க்கத்தான் பயம்.

மூலப் பிரதியை அச்சடித்து எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் உடுவிலுக்குப் போனேன். போகமுன் மேசையில் இருந்தபடியே வெட்டுப்பட்ட பகுதியை வாசித்தேன். ரீச்சரின் மூன்று கேள்விகளில் மூன்றாவது என்னை உலுக்கிவிட்டது. தொண்டைமானாற்றுக் கரையிலிருந்து கடலுக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள் என்று எழுதியிருந்தார். தோணி விலக விலக முதலில் மணல் மறையும், பிறகு மீனவர் வாடிகள் மறையும், பிறகு பனையின் உடல் மறையும், ஓலை விரிந்த வட்டு மட்டும் தண்ணீரில் மிதப்பதுபோலக் கடைசிவரை தெரியும், தட்டையான பூமியில் இது எப்படி நடக்கும் என்று கேட்டிருந்தார். நெடுந்தீவைத் தாண்டித் தொழிலுக்குப் போய்வந்த என் அப்பா இதையே எத்தனை தரம் சொல்லியிருக்கிறார். எங்கள் கடல்காரர் கண்ணால் கண்டதைச் சைவப் புராணத்துக்குப் பயன் சொல்கிற ஒருவர் சாட்சிக்கு அழைத்திருக்கிறார். அதைக் கடல்காரரின் மகளே வெட்டியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது.

ரீச்சர் முன்னறையில் இருந்தார். இரு என்று கதிரையைக் காட்டினார். தன் கைத்தொலைபேசியை நீட்டினார். அவரிடம் படித்து இப்போது வெளிநாட்டில் பொறியியலாளராக இருக்கும் ஒரு மாணவி அனுப்பிய செய்தி அதில் இருந்தது. ரீச்சர், அப்ப நீங்கள் எங்களுக்குப் படிப்பிச்சது பொய்யா என்று ஒரே ஒரு வரி.

"மற்றவை சிரிக்கினம். சிரிக்கட்டும்," என்றார். "இந்தப் பிள்ளை சிரிக்கேல்லை, பாரும். உண்மையாக் கேக்கிறாள்."

முப்பத்தைந்து வருடம். எத்தனை வகுப்பு, எத்தனை பிள்ளைகள். அவ்வளவு பேரின் மனத்திலும் இந்த ரீச்சர் பொய் சொன்னவராகிவிட்டார் என்றால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? அதுதான் அன்று அந்த முன்னறையில் கிடந்த கேள்வி. அதை அங்கே கொண்டுபோய்ப் போட்டவள் நான்.

நான்தான் வெட்டினேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"வெட்டினதை வாசிக்கேல்லையோ, முழுக்கவே வாசிக்கேல்லையோ?"

"ரெண்டும்தான், ரீச்சர். முதல் பந்தியும் கடைசி முற்றுப்புள்ளியும் பாத்தனான்."

கணித ரீச்சர் அல்லவா. பிழை எந்தப் படியில் விழுந்தது என்று சரியாகத் தெரியவேண்டும். எனக்குத் தொழில் பழக்கியவர் சொன்னதையும், நான் இருபது வருடம் வாலிலிருந்தே வெட்டியதையும், இரண்டிலும் ஏழு ஏழாக அளந்ததையும் சொன்னேன். ஏழு ஏழு என்றபோது அவருடைய வாயோரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா கோபமா என்று எனக்கு விளங்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் எழும்பிப்போய்ப் பென்சில் ஒன்று எடுத்துவந்து, நான் கொண்டுபோன பிரதியில் வெட்டுப்பட்ட பகுதிக்குக் கோடு போட்டார்.

அடுத்த ஞாயிறு முழுக் கட்டுரையும் வரும் என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை.

"ஒரு கிழமைக்கு என்ரை பிள்ளையள் இப்பிடியே நினைச்சுக்கொண்டு இருக்கிறதோ? முழுக்க வேண்டாம். நாளைக்கே வெட்டினதை மட்டும் போடுங்கோ. பாதரின்ரையையும் சேத்துப் போடுங்கோ."

பாதருடையது எதற்கு என்று கேட்டேன். அவருக்கு ஒரு குறையும் வரவில்லையே.

"என்ரையை மட்டும் போட்டால் நான் வழக்கிலை வெண்டமாதிரி இருக்கும். ரெண்டு பக்கத்திலையும் ரெண்டு விதமாகவும் சொல்லியிருக்கு. அதுதானே உண்மை. அந்தச் சின்னப்பிள்ளை கடிதத்திலை கேட்டதும் அதைத்தானே?"

என் வாழ்க்கையில் எத்தனையோ நெருக்கடி பார்த்திருக்கிறேன். தன் பெயரே ஊர் சிரிக்கக் கிடக்கிற நேரத்தில் மற்றவருக்கும் நியாயம் செய்யவேண்டும் என்று நினைத்த வேறொருவரை நான் பார்க்கவில்லை. அன்று நான் படித்த பாடம் வெட்டுவதைப் பற்றியது மட்டுமல்ல.

அங்கிருந்தே பாதருக்கு அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"காலமை பூசைக்கு முதலே பாத்தனான்," என்றார். "வெட்டினது எனக்கு வாய்ப்பாப் போச்சு எண்டு விளங்கினது. விளங்கிக்கொண்டும் பேசாமல் இருந்திட்டன். அது என்ரை பிழை. போடுங்கோ பிள்ளை, பெரிய எழுத்திலையே போடுங்கோ."

ரீச்சர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது உண்மையாகவே சிரித்தார். எழும்பிப்போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். வந்து ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு கிடைத்த அந்தத் தேத்தண்ணியை நான் இன்னும் மறக்கவில்லை.

பிரதம ஆசிரியர் தயங்கினார். பத்திரிகை தன் வாலைத் தானே தூக்கிக் காட்டுவதா என்று கேட்டார். பிறகு சரி என்றார். அவருக்கும் நான் நன்றி சொல்லவேண்டும், அந்த இடத்தில் கௌரவம் பார்க்கிறவர்தான் அதிகம். திங்கள் பத்திரிகையின் முன்பக்கத்தில், "நேற்று வெட்டுப்பட்டவை" என்ற தலைப்பில் இரண்டு துண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. கவனிக்காமல் வெட்டியது எங்கள் தவறு, எழுதியவர்கள் மேல் குறையில்லை என்று மேலே இரண்டு வரி.

ரீச்சரின் துண்டில் மூன்று கேள்வியும் இருந்தன. சந்திர கிரகணத்தில் நிலவின் மேல் விழும் பூமியின் நிழல் ஏன் எப்போதும் வளைவாக இருக்கிறது என்பது முதலாவது. கடப்பம்பூவில் எல்லாப் பக்கமும் இதழ் நிற்பதுபோலப் பூமி உருண்டையின் எல்லாப் பக்கமும் உயிர்கள் நிற்கின்றன என்று நம் பழைய வானநூல்காரர் ஏன் சொன்னார் என்பது இரண்டாவது. கடலுக்குப் போகிறவர்களின் பனை வட்டு மூன்றாவது. கடைசியில் அவருடைய முடிவு. புராணம் பாடியவர் நிலவரைபடம் கீறவில்லை, மனிதன் எவ்வளவு சிறியவன் என்று கீறினார். அதே ஊரில் கிரகணம் கணித்தவர் பூமியை உருண்டையாக வைத்தே கணித்தார். இருவரும் ஒரே கோயிலில் கும்பிட்டார்கள், சண்டை பிடிக்கவில்லை. எந்தக் கேள்விக்கு எந்த நூலைத் திறக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இவ்வளவுதான் அவர் சொன்னது.

காலை ஒன்பது மணிக்குத் தலைவர் நாலு பேருடன் வந்தார். பிரதம ஆசிரியரின் அறையில் இருந்தார்கள். நான் வெளியே என் மேசையில் இருந்தேன். கண்ணாடித் தடுப்புத்தான், பேச்சு எல்லாம் கேட்டது. அவர்கள் வந்து கொஞ்ச நேரத்தில் ரீச்சர் பஸ்ஸில் வந்து இறங்கினார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை. என்னைத் தாண்டிப் போகையில் என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

தலைவர் கேட்டது ஒரே கேள்வி. திருத்தம் வந்தது நல்லது, ஆனால் முகநூலில் சொல்வது உண்மையா, வெட்டியது யார், அந்த ஆளின் சமயம் என்ன? பிரதம ஆசிரியர் வாயைத் திறக்கமுன் ரீச்சர் பேசினார்.

"முப்பத்தைஞ்சு வருஷம் நான் கொப்பி திருத்தினனான். பெரிய பிழை கண்டால் அதைப் பலகையிலை எழுதி எல்லாருக்கும் விளங்கப்படுத்துவன். எந்தப் பிள்ளையின்ரை கொப்பி எண்டு ஒருநாளும் சொன்னதில்லை. இஞ்சையும் பிழை பலகையிலை வந்திட்டுது."

அப்படியென்றால் உங்களுக்குக் கோபமே இல்லையா என்று கேட்டார் தலைவர்.

"கோபம் இருக்கு. அது எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் இடையிலை."

இன்றைய பத்திரிகையை முழுக்க வாசித்தீர்களா என்று ரீச்சர் கேட்டார். கோபத்தில் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு வந்ததாகத் தலைவர் ஒத்துக்கொண்டார். உள்ளதைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் ஒரு பாசமே வந்தது. மேசையில் கிடந்த பத்திரிகையை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு கடைசி வரிவரைக்கும் வாசித்தார். அவர் புகையிலைத் தோட்டம் செய்யும் கமக்காரர். கிரகணத்துக்குப் பஞ்சாங்கம் பார்க்காமல் கோயில் நடை சாத்த விடாதவர்.

"உந்த விளக்கத்தை நேற்றே போட்டிருக்கலாமே," என்றார்.

அவ்வளவுதான். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அந்த மழைகாலப் புராண வாசிப்பிலும் அதற்குப் பிறகும் அந்தக் கோயிலில் ரீச்சர்தான் பயன் சொன்னார்.

அவர்கள் போன பிறகு ரீச்சர் என் மேசைக்கு வந்து கைத்தொலைபேசியை நீட்டினார். அந்தப் பொறியியலாளப் பிள்ளை மறுபடி எழுதியிருந்தாள். முழுக்க வாசித்தேன் ரீச்சர், மன்னியுங்கோ, நீங்கள் எப்போதும் வழியை எழுதிவிட்டுத்தான் விடையை எழுதச் சொல்வீர்கள், அதை மறந்துபோனேன் என்று. ரீச்சருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அலுவலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தபடியால் இருவரும் வேறு எங்கேயோ பார்த்தோம்.

இதோடு முடிந்திருந்தால் நான் தப்பிப் பிழைத்தவள் என்ற அளவில் நின்றிருப்பேன். அடுத்த மாதம் ரீச்சரிடமிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. பூமியைப் பாம்பும் யானைகளும் தாங்குவதாகப் பழைய நூல்கள் சொல்வதைப் பற்றியது. இந்தமுறை நான் முதல் சொல்லிலிருந்து வாசித்தேன். முதல் வசனமே, "பூமியை ஒருவரும் தாங்கவில்லை." முடிவு மேலே வந்துவிட்டது. அதற்கான காரணம் இரண்டாவது பந்தியில். எதிராளியின் கட்சியை வாலில், வேண்டுமென்றால் எடுத்துவிடலாம் என்பதுபோலச் சுருக்கமாக வைத்திருந்தார். எங்கள் பத்திரிகைக்கு அளவெடுத்துத் தைத்தமாதிரி இருந்தது. எனக்கு வாசிக்க வாசிக்க என்னவோ செய்தது. அவருடைய குரல் அதில் இல்லை.

அழைத்துக் கேட்டேன். ஏன் ரீச்சர் முறையை மாற்றினீர்கள்?

"பத்திரிகைக்குத் தோதா இருக்கட்டும் எண்டுதான், பிள்ளை. நீர் இனிப் பயப்பிடாமல் வெட்டலாம்."

பிழை என்னுடையது. அதற்காகத் தன் முன்னோர் வாதம் செய்த முறையையே அவர் எனக்காகத் தலைகீழாக்கியிருந்தார், அதையும் ஒரு முறைப்பாடு இல்லாமல். முகநூல் முழுக்க என்னை ஏசியபோதுகூட எனக்கு இவ்வளவு வெட்கம் வரவில்லை.

"வேண்டாம் ரீச்சர்," என்றேன். "நீங்கள் உங்கடை மாதிரியே எழுதுங்கோ. நான் கடைசி வரிவரைக்கும் வாசிப்பன்."

அப்ப அதைத் திருப்பி அனுப்பும் என்றார் ரீச்சர்.

நாலு நாளில் புதிதாக எழுதி அனுப்பினார். பாம்பும் யானையும் முதல் ஐந்து பந்தியில் கம்பீரமாகப் பூமியைத் தாங்கிக்கொண்டு நின்றன. ஆறாவது பந்தியில்தான் ரீச்சர் தன் வாயைத் திறந்தார். கட்டுரை நீளம், பக்கத்தில் இடம் காணாது. வடிவமைப்பாளர், ஆயிரம் தலைப் பாம்பின் வர்ணப் படம் ஒன்று எடுத்துவைத்திருக்கிறேன், அதைப் போட்டுக் கட்டுரையில் கொஞ்சம் வெட்டுவோமே அக்கா என்று கெஞ்சினார். பாம்பை எடுத்துவிடு என்றேன். அந்த ஞாயிறு படம் இல்லாமல் ஒரு முழுப் பக்கம் வந்தது. ரீச்சர் எழுதிய கடைசி வசனம் அந்தப் பக்கத்தின் கடைசி வசனமாக அச்சில் இருந்தது.